ரோட்டில் உப்பு, வண்டியில் துரு: முதல் குளிர்காலத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கு

தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பளத்து ஓரம் குவித்து வைத்த அம்பாரங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடிக்காமல் இரண்டு வருஷம் விட்டால் விரல் பட்ட இடத்தில் கம்பி உதிரும். 'உப்புக் காத்து அரிச்சிட்டு' என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மான்செஸ்டர் பக்கம் வந்து குடியேறியவன், முதல் குளிர்காலத்திலேயே ஒரு பைக்கை உப்புக்குப் பறிகொடுத்தான் என்றால் வெட்கக்கேடுதான்.

500 சிசி, பழைய வண்டி. அக்டோபரில் வாங்கினேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை தினமும் வேலைக்கு அதில்தான் போனேன். தடித்த ஜாக்கெட், இரட்டைக் கையுறை, கழுத்துக்கு மஃப்ளர் என்று எனக்குத்தான் எல்லாம் வாங்கினேனே தவிர, வண்டிக்கு ஒன்றும் செய்யவில்லை. தினமும் மழையில் நனைகிறதே, தானாகக் கழுவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் கொஞ்சம் வெயில் வந்ததும் குனிந்து பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் பெண்ட் பைப் முழுக்கச் செங்கல் நிறம். எஞ்சினின் முன்பக்கம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பின் பிரேக்கை மிதித்தால் பிடித்தது, காலை எடுத்தாலும் விடவில்லை. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் பைப்பை லேசாகத் தட்டினார். செதில் செதிலாகக் கொட்டியது.

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இங்கே 20 வருஷத்துக்கு மேலாக பைக் ஓட்டுகிறார். கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, குளிருக்கு வண்டி சாகாது. உந்த உப்புதான் சாக்காட்டும்" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ரோட்டில் உப்பு எதற்கு?

குல்பி ஐஸ் விற்கிறவரின் பானைக்குள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கல்லுப்பை அள்ளிப் போட்டிருப்பார். உப்பு கலந்த தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, இன்னும் கீழே இறங்க வேண்டும். உப்பு கூடக் கூட உறையும் புள்ளி இறங்கிக்கொண்டே போகும், கடைசியாக மைனஸ் 21 டிகிரியில் நிற்கும். அந்தக் கூடுதல் குளிரை வைத்துக் குல்பிக்காரர் பாலை உறைய வைக்கிறார். இங்கே கவுன்சில்காரர்கள் (நம்மூர் நகராட்சி மாதிரி) அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, ரோடு உறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நடைமுறையில் மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே உப்பு மந்தமாகிவிடும். இங்கிலாந்தில் அவ்வளவு குளிர் வருவது அபூர்வம் என்பதால் காரியம் நடந்துவிடுகிறது.

இந்த உப்பு உப்பளத்தில் விளைந்தது இல்லை, பூமிக்கடியில் வெட்டி எடுத்தது. மான்செஸ்டருக்குத் தெற்கே செஷயர் மாவட்டத்தில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில், தரைக்குச் சுமார் 150 மீட்டர் கீழே பெரிய சுரங்கம் இருக்கிறது. 1844-இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்கு உப்பு கிடைத்தது. 20 கோடி வருஷங்களுக்கும் முன்னால் வற்றிப்போன கடலின் மிச்சம் அது. களிமண் கலந்திருப்பதால் பழுப்பு நிறம். குளிர்காலக் காலையில் வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளை நான் வெறும் சேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

ரோட்டின் மேற்பரப்பு 1 டிகிரிக்குக் கீழே போகலாம் என்று முன்னறிவிப்பு வந்தாலே உப்பு லாரிகள் கிளம்பிவிடும். கிரிட்டர் என்று பெயர். (ஸ்காட்லாந்தில் இந்த லாரிகளுக்கு மக்களே பட்டப்பெயர் வைக்கிறார்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியின் பெயரைப் பனிக்கேற்பத் திரித்து 'சர் ஆண்டி ஃப்ளரி' என்று ஒரு லாரி ஓடுகிறது.) பனிக்கு முன்னெச்சரிக்கையாகத் தூவும்போது சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை போடுவார்கள், பனி கொட்டினால் இன்னும் கூடும். 10 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 7 மீட்டர் அகலமான ரோட்டில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 70 கிலோ ஆகிறது. மளிகைக் கடையின் ஒரு கிலோ பாக்கெட்டை 70 தடவை கிழித்துக் கொட்டிய ரோட்டில் நீங்கள் வண்டி ஓட்டுகிறீர்கள். அதுவும் ஒரே ஒரு இரவின் கணக்கு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எந்த இரவிலும் இது நடக்கலாம்.

கனடாவில் குளிர் இதைவிடக் கொடுமை என்றாலும், அங்கே பெரும்பாலானவர்கள் வண்டியை மூடி வைத்துவிட்டு வசந்தத்தில்தான் எடுப்பார்கள். இங்கிலாந்தின் குளிர்காலம் ஓட்ட முடியாத அளவுக்கு மோசமாக இருப்பதில்லை, வண்டியைக் காய விடும் அளவுக்கு நல்லதாகவும் இருப்பதில்லை. 4 டிகிரி, தூறல், உப்பு. வண்டிக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

துருப்பிடித்த இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரி. இரும்பின் ஒரு புள்ளியில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை உலோகத்துக்குள்ளேயே பக்கத்துப் புள்ளிக்கு ஓட, அங்கே தண்ணீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமானால் மேலே நிற்கும் தண்ணீர்ப் படலம் வழியாகவும் மின்னூட்டம் கடக்க வேண்டும். மழைத் தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் துரு மெதுவாகப் பிடிக்கிறது. அதில் உப்பு கரைந்தால் நன்றாகக் கடத்தும், துருவும் வேகமெடுக்கும்.

இதில் முக்கியமான விஷயம், உப்பு இந்த வேலையில் செலவாவதே இல்லை. இரும்பு தீரும், உப்பு அப்படியே இருக்கும். ஜனவரியில் ஒட்டிய உப்பைக் கழுவாவிட்டால் ஜூன் மாதத்திலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வண்டி காய்ந்துவிட்டால் தப்பித்துவிடும்தானே என்று கேட்கலாம். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே உப்பு கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80-க்கு மேல்தான். அதனால் உப்பு பட்ட வண்டி பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் அதன் மேல் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். ஷெட்டுக்குள் நிறுத்தினாலும் கதை இதுதான். ஹீட்டர் போட்ட கராஜில் கழுவாத வண்டியை விடுவது இன்னும் மோசம், ஏனென்றால் சூட்டில் ரசாயன வினை வேகமாகும்.

அலுமினியத்துக்குத் துரு இல்லை என்பார்கள். செந்துரு இல்லை, அவ்வளவுதான். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு அந்தத் தோலைக் குத்தி ஓட்டை போடும். ஓட்டைக்குள் உலோகம் அரிக்க, வெளியே வெள்ளைப் பொடி பூக்கும். பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொத்தலாகி உதிருமே, பெயின்ட் அடித்த எஞ்சின் கவர் மேல் அச்சு அசல் அதே காட்சி. பெயின்ட் முதலில் கொப்புளமாகும், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை மாவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இப்படி ஒரு பாதுகாப்புத் தோல் உண்டு. அதிலும் குளோரைடு கை வைக்கும், கொஞ்சம் தாமதமாக.

இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. உப்புத் தண்ணீர் நடுவே புகுந்தால் இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் மற்றதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதற்காகத்தான். துத்தநாகம் கரையும், கப்பலின் இரும்பு பிழைக்கும். பைக்கில் ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய எஞ்சினும் சேரும் இடத்தில் பலியாவது அலுமினியம். அரித்த பொடி மரைக்குள் அடைத்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் பெண்ட் பைப்பைக் கழற்றப் போனபோது அதைப் பிடித்து எஞ்சின் ஹெட்டில் இருந்த இரண்டு ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) 'டக்' என்று முறிந்தன. ஸ்பேனர் திடீரென்று இலகுவாகச் சுற்றியதும் கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மிச்சத்தைத் துளை போட்டு எடுக்க மெக்கானிக் வாங்கிய கூலியில் மூன்று குளிர்காலத்துக்கு வேண்டிய பாதுகாப்பு ஸ்பிரே வாங்கியிருக்கலாம்.

வண்டியில் உப்பு எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முன் சக்கரம் அள்ளி வீசுவது நேராக பெண்ட் பைப், ரேடியேட்டர், எஞ்சினின் முன் அடிப்பக்கம், ஆயில் ஃபில்டர் மேல் விழுகிறது. பின் சக்கரம் வீசுவது பின் ஷாக் அப்சார்பர், ஸ்விங் ஆர்ம், செயின் மேல். சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு, ஃபுட் ரெஸ்ட் ஸ்பிரிங் எல்லாம் தரையோடு தரையாக இருப்பதால் அவற்றைக் கேட்கவே வேண்டாம். மேலே டேங்கும் சீட்டும் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்தவன்தான் நான். முன் மட்கார்டின் கீழ் நுனியில் திருகவோ ஒட்டவோ ஒரு நீட்டிப்பு பிளாஸ்டிக் கிடைக்கிறது. சின்னத் துண்டுதான், ஆனால் பெண்ட் பைப் மேல் விழுவதில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். குளிர்காலத்துக்கென்று ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குவேன்.

கழுவுவது

சோப்பு, ஷாம்பூ, பளபளப்பு எல்லாம் அப்புறம். தினசரி வேலை என்பது வெறும் தண்ணீரால் உப்பைக் கரைத்து இறக்குவது மட்டுமே. ரோட்டில் உப்பு தெரிந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கொஞ்சம் ஆற விட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் 5 நிமிஷம் நனைத்து ஊற்றினால் போதும். என் வீட்டு வெளிக்குழாய் ஜனவரியில் உறைந்துவிடும் என்பதால் நான் செடிக்கு ஊற்றும் பூவாளியைப் பயன்படுத்துகிறேன். சமையலறைக் குழாயில் இரண்டு பூவாளித் தண்ணீர் பிடித்து, ஒன்றை முன்பக்க எஞ்சினுக்கும் பெண்ட் பைப்புக்கும், இன்னொன்றைப் பின் சக்கரத்தைச் சுற்றியும் ஊற்றுகிறேன். முதல் பூவாளியில் பழுப்பாக ஓடும் தண்ணீர் இரண்டாவதின் கடைசியில் தெளிந்துவிடும். அது தெளியும்வரை ஊற்றுங்கள், வேறு அளவுகோல் வேண்டாம்.

சுடு தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பு 'விழித்துக்கொள்ளும்' என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சுடு தண்ணீர் தேவையும் இல்லை. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், சமையல் உப்பு அப்படி இல்லை. 100 மில்லி தண்ணீரில் 0 டிகிரியில் சுமார் 35 கிராம் கரைகிற உப்பு 60 டிகிரியில் 37 கிராம் கரைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரே போதும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் அதைச் சக்கர பேரிங், செயின், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், வயர் கனெக்டர்கள் பக்கம் கிட்டத்தில் பிடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் தானாகப் போகாத இடத்துக்குள்ளே நாமே அழுத்தி ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, வெளியே 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் இரவில் கழுவினால் வாசலில் ஓடிய தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். போன வருஷம் தபால்காரர் வழுக்கப் பார்த்தார். அப்படிப்பட்ட நாட்களில் கழுவுவதை ஒத்திப் போடுங்கள். கழுவிய பிறகு மெதுவாக ஒரு சுற்றுப் போய், பிரேக்கை நாலைந்து முறை பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துவது நல்லது.

பெருமழை பெய்யும் நாளில் மற்றவர்கள் பஸ்ஸில் போவார்கள். குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அது நல்ல நாள், ரோட்டையே கழுவிவிடும். தூறல்தான் கெட்டது, உப்பைக் கரைத்து விட்டு அங்கேயே வைத்திருக்கும்.

பூசுவது

ஊரில் வாட்டர் சர்வீஸுக்கு வண்டி விட்டால் கடைசியில் பையன் ஒரு ஸ்பிரே கன்னை எடுத்து, டீசலில் கலந்த பழைய ஆயிலை வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் புகைமாதிரி அடிப்பான். வீட்டுக்கு வந்ததும் அம்மா 'ஐயே, என்னடா நாத்தம்' என்பார். அந்தப் பையன் செய்ததுதான் சரி. உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்துவிட்டால் மேலே சொன்ன குட்டி பேட்டரி இணைப்பே கிடைக்காமல் கிடக்கும்.

இங்கே அதற்கென்றே ஸ்பிரேக்கள் விற்கிறார்கள். பைக்காரர்கள் மத்தியில் அதிகம் அடிபடும் பெயர் ஏசிஎஃப்-50. விமானங்களின் உடல் அரிக்காமல் இருக்க உருவான சமாச்சாரம். மெல்லிய எண்ணெய், தகடுகள் சேரும் இடுக்கில் தானாக ஊர்ந்து போய்ச் சேரும். அடித்த இடம் லேசாகப் பிசுபிசுக்கும், தூசி ஒட்டி வண்டி அழுக்காகத் தெரியும். அதுதான் அதன் லட்சணம். குளிர்காலத்தில் பளபளக்கும் வண்டியைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது.

எல்லார் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40-ஐ அடித்தால் போதாதா என்றால், போதாது. அது 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காக உருவானது, பெயரில் வரும் டபிள்யூடி என்பதே 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அதாவது தண்ணீரை விரட்டுவது. கழுவிய பிறகு ஈரத்தை விரட்ட அருமையாக வேலை செய்யும். ஆனால் சீக்கிரம் ஆவியாகி, மிஞ்சும் படலம் ரொம்ப மெலிதாகப் போய்விடும். ஒரு குளிர்காலம் தாங்காது.

அக்டோபரில், முதல் உப்பு விழுமுன், வண்டியை நன்றாகக் கழுவி முழுக்கக் காய வைத்துவிட்டு இதை அடிக்க வேண்டும். உப்பின் மேல் அடித்தால் உப்பை மூடி போட்டுப் பத்திரப்படுத்தியதாகிவிடும். போல்ட் தலைகள், ஸ்பிரிங்குகள், எஞ்சினின் முன்பக்கம், சேஸிஸின் இடுக்குகள், ஸ்டாண்டின் மூட்டு, இங்கெல்லாம் தாராளமாக அடியுங்கள். பிரேக் டிஸ்க், பிரேக் பேட், டயர் பக்கம் ஒரு துளி போகக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம், உயிர் போகும் விஷயம். நான் ஸ்பிரேயை நேராக அடிப்பதில்லை. டிஸ்க்குகளை பிளாஸ்டிக் பையால் சுற்றிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷில் அடித்துக்கொண்டு பூசுகிறேன். சீட்டிலும் ஃபுட் ரெஸ்ட் ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்ட் பைப்பில் பூசினால் முதல் நாள் சூடேறும்போது புகையும், பயப்பட வேண்டாம். அங்கே படலம் சீக்கிரம் எரிந்துபோகும், அடிக்கடி பூச வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் குளிர்காலத்தின் நடுவில் ஒரு முறை கழுவித் திரும்பப் பூசினால் போதும்.

அந்தச் சாக்கில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை: அடிக்கடி கழற்றும் போல்ட்களை ஒவ்வொன்றாக எடுத்து, மரையில் போல்ட் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸைத் துளி தடவி மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். கனெக்டர்களைப் பிரித்து உள்ளே பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் துடைத்து எலக்ட்ரிக்கல் கிரீஸ் வையுங்கள். பேட்டரி டெர்மினலுக்கு வாசலின் போதும்.

செயினும் பிரேக்கும்

இன்றைய பைக் செயின்களில் ஒவ்வொரு கண்ணியிலும் குட்டி ரப்பர் வளையங்கள் உள்ளே கிரீஸை அடைத்துப் பிடித்திருக்கும். வெளியே ரோலரும் தகடும் மட்டும் திறந்து கிடக்கும், உப்பு கை வைப்பது அங்கேதான். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் நல்லது, இங்கே கடையில் பாரஃபின் என்று கேட்க வேண்டும். பெட்ரோல் ரப்பரைக் கெடுத்துவிடும். துணியில் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் செயின் லூப் (செயினுக்கென்று விற்கும் மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு அடித்தால் நன்றாக இறங்கும். செயினின் உட்பக்கத்தில், கீழ் ஓட்டத்தில் அடியுங்கள், சுற்றும்போது தானாக வெளிப்பக்கம் பரவும். கோடையில் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றால் குளிர்காலத்தில் அதில் பாதித் தூரத்துக்கு ஒரு முறை. எஞ்சினை ஓடவிட்டு கியரில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு செயின் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலை இழப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கையால் சுற்றுங்கள்.

துடைக்கும்போதே கண்ணிகள் நன்றாக மடங்குகின்றனவா என்று பார்த்துவிடலாம். சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால் அங்கே உள்ளே துரு போய்விட்டது, செயினின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். தொய்வு பெரும்பாலான வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும், சரியான அளவு உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருக்கும்.

பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகமான பிரேக் கேலிப்பருக்குள் பிஸ்டன் ஒரு ரப்பர் சீல் வழியாக முன்னும் பின்னும் போய் வரும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீண்டிருக்கும். அப்படி வெளியே தெரியும் பகுதியில் உப்பும் பிரேக் தூளும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அது சீலில் மாட்டினால் பிஸ்டன் உள்ளே திரும்பாது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நாலு சுற்று சுற்றவேண்டியது அரைச் சுற்றில் நின்றால் கேலிப்பர் பிடித்திருக்கிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் ரப்பருக்கென்று விற்கும் சிவப்பு கிரீஸும் போதும். பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். குளிர்காலத்துக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை மெக்கானிக்கிடம் கேலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரேக் விஷயத்தில் கூலிக்குப் பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பேட்டரி, டயர், கூலன்ட்

குளிரில் பேட்டரியின் ரசாயனம் மந்தமாகும். அதே நேரம் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டர் கூடுதல் பலம் கேட்கும். வருமானம் குறைந்து செலவு கூடின வீடு மாதிரி. வண்டி ஓய்வில் இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 12.4-க்கு வந்தால் சார்ஜ் போடுங்கள். சூடேறும் ஹேண்டில் கிரிப், சூடேறும் ஜாக்கெட் எல்லாம் வைத்துக்கொண்டு 10 நிமிஷப் பயணம் போகிறவர்களின் பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். முழுக்க இறங்கிய பேட்டரிக்குள் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால் சாதாரணக் குளிரிலேயே உறைந்து வெடிக்கவும் கூடும்.

டயரில் 10 டிகிரி குளிர்ந்தால் காற்றழுத்தம் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் பார்த்ததை நம்பி ஜனவரியில் ஓட்டாதீர்கள். 50 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு டயரின் அகலத்தில் முக்கால் பங்கில் 1 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். என்னைக் கேட்டால், நனைந்த ஜனவரி ரோட்டுக்கு 1 மில்லிமீட்டர் என்பது வெறும் காகிதக் கணக்கு. நான் 2-க்கு வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்த பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள். கிளைக்கால் என்ற உறையாமல் காக்கும் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும்.

ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்களுக்கு

சில பேர் நல்ல வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டு, குளிர்காலத்துக்கென்று மலிவான பழைய வண்டி ஒன்று வாங்கி உப்புக்குத் தின்னக் கொடுப்பார்கள். வின்டர் ஹேக் என்று இங்கே அதற்குப் பெயர். இடமிருந்தால் நல்ல யோசனைதான்.

நிறுத்தி வைக்கும் வண்டியை நன்றாகக் கழுவி, காய வைத்து, மேலே சொன்னபடி பூசி, எஞ்சின் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு நிறுத்துங்கள். டேங்க் இரும்பு என்றால் பெட்ரோலை முழுக்க நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் துரு பிடிக்கும். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலும், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் நல்லது. பேட்டரியைச் சார்ஜ் பராமரிப்புக் கருவியில் மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல் காற்றோடும் கவரைப் போடுங்கள். ரோட்டில் எடுக்காமல் இருக்கப்போவதை அரசிடம் 'சோர்ன்' என்று பதிவு செய்தால் அந்த மாதங்களுக்கு ரோடு வரி மிச்சம். ஆனால் வண்டியைத் தனியிடத்தில்தான் வைத்திருக்க வேண்டும், தெருவில் நிறுத்த முடியாது.

அப்பா போனில் பேசும்போதெல்லாம், 'வண்டிய வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடு' என்பார். ஊரின் சூட்டுக்கு அது சரிதான். இந்தக் குளிரில் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறாத 5 நிமிஷத்தில் அந்த ஆவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் குளிர்ந்து தண்ணீராக நின்றுவிடும். பேட்டரியும் ஸ்டார்ட்டருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில்லை. ஓட்டுவதாக இருந்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். அப்பாவிடம் 'சரிப்பா' என்று சொல்லிவிடுவேன்.

வசந்தம் வந்ததும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டாம். கடைசி உப்பு லாரி போய், நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, ரோட்டோரத்தில் உப்பு படிந்த வெள்ளைக் கோடு மறையும்வரை காத்திருங்கள். பிறகு டிகிரீசர் போட்டு அந்தப் பிசுபிசுப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு போல்ட் தலையாகக் குனிந்து பாருங்கள். இப்போது என்னிடம் இருக்கும் வண்டி நாலு குளிர்காலம் பார்த்துவிட்டது. போன ஏப்ரலில் அந்த அழுக்குப் படலத்தை இறக்கியபோது பெண்ட் பைப்பில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு இருந்தது, பூச மறந்த இடம். அண்ணரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, இதிலை ஏன் பூசேல்லை?" என்றார்.